மூன்றாம் பக்கம், பன்னிரண்டாம் வரி

டொக்யாட் வாசலில் என் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள்.
பஸ் ரிக்கற், பனடோல், பாதி தின்ற கச்சான் அல்வா.
ஆபத்தில்லாதவள் என்று எழுதி உள்ளே விட்டார்கள்.

நீள மேசையில் சின்னச் சின்னக் கொடிகள்.
கடற்படைக் கொமாண்டர். கொழும்பு போதைப்பொருள் பிரிவு.
ரியூனியன் தீவிலிருந்து கப்பலோடு வந்த பிரெஞ்சுக்காரர்.
கன்பராவிலிருந்து வந்து இறங்கிய அன்றே
திருமலை வெயிலில் சிவந்துபோன பொலிஸ்காரி.
கடைசிக் கதிரையில், கொடியில்லாமல், நான்:
மூன்று மொழி, மணித்தியாலத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபா.

சுவரோரம் நூற்றெழுபத்தாறு பொதி.
ஒவ்வொன்றிலும் தேள் முத்திரை.
பிரெஞ்சுக்காரர் ஒன்றைக் கீறி
நகத்தளவு எடுத்துக் குப்பிக்குள் போட்டார்.
வெள்ளை நீலமானது.
கொட்டியாரக் குடாவின் நீலமில்லை,
பள்ளிக்கூடச் சட்டைக்குப் போடும் சொட்டு நீலம்.
எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.
அன்றைக்கு நான் மொழிபெயர்க்கத் தேவையில்லாத
ஒரே வசனம் அதுதான்.

பிறகு நசுறுதீனைக் கொண்டுவந்தார்கள்.
மூதூர். முப்பத்தொரு வயது. பலநாள் வள்ளத்தில் எஞ்சின்காரன்.
உப்பில் விறைத்த சாரம், நடக்கையில் தகரம்போல் சத்தமிட்டது.

என்னவென்று நினைத்து ஏற்றினாய்?
"மா எண்டு சொன்னாங்க, சேர்."
மாவுக்கு இவ்வளவு கூலியா?
"அதத்தான் நானும் யோசிச்ச."
கொஞ்சம் நிறுத்தி,
"யோசிச்சிட்டுத்தான் ஏத்தின."

பொலிஸ்காரி மடிக்கணினியைத் திருப்பினாள்.
ஆகாயத்திலிருந்து எடுத்த படம்.
கறுத்த கடலில் ஒரு நெல்மணி.
அவள் விரலால் விரிக்க விரிக்க நெல் வள்ளமானது,
வள்ளத்தில் ஒரு ஆள்,
வெறும் மேலோடு, வாளியால் அள்ளிக் குளிக்கிறான்.
இது நீதானே?
அவன் வெகுநேரம் பார்த்தான்.
"என்ட முதுக நான் கண்டதில்ல. வாளி எங்கடதான்."

பதினொரு நாள் பின்தொடர்ந்தோம் என்றாள்.
விமானம் ஒரு நாட்டுக்காரருடையது, செய்மதி இன்னொருவருடையது,
மறித்த கப்பல் மூன்றாமவருடையது, மறியல் மட்டும் இலங்கையுடையது.
ஒரு கண் அயர்ந்தால் அடுத்த கண் விழித்திருக்கும்.
அழகான வசனம். தமிழில் இன்னும் அழகாக வந்தது.
எனக்கே கொஞ்சம் பெருமையாய் இருந்தது.

அவன் விரல்களை மடித்து எதையோ எண்ணினான்.

"போன வருசம் எங்கட நானா
எஞ்சின் பழுதாகி இதே கடலில மிதந்தவர்.
இருவத்திமூணு நாள் தேடின. மூணு பேர்.
அவங்கட வள்ளம் இதவிடப் பெரிசு, செவப்புப் பெயின்ட்.
அந்த நேரம்
இந்தப் பிளேன் எங்க போன?"

சிங்களத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன்.
பிரெஞ்சுக்காரரின் உதடு
தனக்குள் இன்னொரு தரம் மொழிபெயர்த்து ஓய்ந்தது.
ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர்
ஒரு பொதியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.
யாரும் அதை நகர்த்தவில்லை.

இது விசாரணைக்கு உரியதல்ல, விடுங்கள் என்றார் கொமாண்டர்.
கெட்ட மனிதரில்லை.
நசுறுதீனுக்குப் பிளேன்ரீ சொன்னவரும் அவர்தான்,
சீனி எத்தனை கரண்டி என்றும் கேட்கச் சொன்னார்.

ஆனால் நான் சத்தியம் செய்தவள்:
கூட்டாமல், குறைக்காமல்.
தட்டச்சு செய்தேன். மூன்றாம் பக்கம், பன்னிரண்டாம் வரி.
அவர் அடிமட்டம் வைத்து நேராகக் கோடிழுத்து
ஓரத்தில் ஒப்பமிட்டார்.
கோட்டுக்குக் கீழே இப்போதும் வாசிக்கலாம்.

வெளியே வரும்போதும் கைப்பையைக் கொட்டினார்கள்.
எதையும் கொண்டுபோகவில்லை என்று
கையெழுத்து வாங்கினார்கள்.

பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தது.
மிச்ச அல்வாவைத் தின்று முடித்தேன்.
அந்த நானாவின் பெயரை
நானும் கேட்கவில்லை என்பது
மடத்தடிச் சந்தி தாண்டியபிறகுதான் உறைத்தது.